பேஸ்பால் சம்பளக் கணக்கு: கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகன். பதில்களில் கொஞ்சம் கசப்பு தட்டலாம்.

ஜப்பான் வீரர் ஓட்டானிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி வருடத்துக்கு 7 கோடி டாலர் கொடுக்கிறதாமே?

இல்லை. ஒப்பந்தம் 10 வருடம், 70 கோடி டாலர். ஆனால் ஆடும் காலத்தில் கைக்குப் போவது வருடத்துக்கு 20 லட்சம்தான். மீதி 6.8 கோடி வீதம் 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல். பத்து வருடம் கழித்து வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால், வரிக் கணக்கில் (அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் லீக் போடும் வரி) அவர் வருடத்துக்குச் சுமார் 4.6 கோடியாகத்தான் நிற்கிறார். எப்போதும் சொல்வதுதான்: செய்தியில் வரும் தொகையைப் பார்க்காதீர்கள், வரிக் கணக்கில் ஏறும் சராசரியைப் பாருங்கள்.

டிரேடு செய்தால், அதாவது வேறு அணிக்கு மாற்றினால், வீரர் மறுக்க முடியுமா?

மேஜர் லீகில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) 10 வருடம், அதில் கடைசி 5 வருடம் அதே அணியில் இருந்திருந்தால் மறுக்கலாம். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவர்களும் மறுக்கலாம். மற்றவர்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஐபிஎல் மாதிரி அணியின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டா சார்?

கிடையாது. எவ்வளவும் கொடுக்கலாம்; வரி வரம்பைத் தாண்டினால் அபராதம் மாதிரி அந்த வரி, அவ்வளவுதான். ஐபிஎல் பற்றி வேறு யாரிடமாவது கேளுங்கள்.

2020இல் பாஸ்டன் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்கு விற்றது சரிதானே அண்ணா? சீசனோடு ஒப்பந்தம் முடிந்து சும்மாவே போயிருப்பார். வரியும் மிச்சம்.

தம்பி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த வருட வரம்பு 20.8 கோடி. முதல் தடவை தாண்டினால் மிகையில் 20 சதவீதம், அடுத்தடுத்த வருடங்களில் 30, பிறகு 50. பாஸ்டன் 2018, 2019 இரண்டிலும் தாண்டியிருந்தது. மூன்றாவது முறையும் 2 கோடி தாண்டியிருந்தால் 1 கோடி வரி. ஒரு வருடம் வரம்புக்குள் வந்துவிட்டால் மறுபடி 20இலிருந்து தொடங்கும். இதற்காக 2018இன் எம்விபியை, அதாவது அந்த வருடத்தின் மிகச் சிறந்த வீரரை, கொடுப்பதா? பந்துவீச்சாளர் டேவிட் பிரைஸையும் சேர்த்து அனுப்பி, அவருக்குப் பாக்கியிருந்த 9.6 கோடியில் பாதியையும் பாஸ்டனே ஏற்றது! பதிலுக்கு வந்தவர்கள் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வோங்.

வரியை விடுங்கள். அவர் கேட்ட தொகையைக் கொடுத்திருக்கவே முடியாதே?

அந்த ஜூலையிலேயே டாட்ஜர்ஸ் 12 வருடத்துக்கு 36.5 கோடி கொடுத்தது. சராசரி 3 கோடி சொச்சம். பாஸ்டனிடம் இல்லாத பணமா அது? பிரைஸுக்கு 7 வருடத்துக்கு 21.7 கோடி எழுதிக் கொடுத்த கைதானே! அந்த வருடமே டாட்ஜர்ஸ் கோப்பையும் வாங்கியது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பழைய வீரர் பாபி போனிலாவுக்கு வருடா வருடம் பணம் போகிற கதை நிஜமா?

நிஜம். 2000இல் நியூயார்க் மெட்ஸ் அணி அவருக்குத் தரவேண்டிய 59 லட்சத்தை 8 சதவீத வட்டியில் தள்ளிப்போட்டது. 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் 11,93,248 டாலர் 20 சென்ட். அந்த இருபது சென்ட்டையும் விடாமல்!

ஓட்டானிக்கு வருடம் 7 கோடியா?

மேலே முதல் பதில்.

பெட்ஸ் டிரேடில் வந்தவர்கள் என்ன ஆனார்கள்?

மறுபடி பெட்ஸா? டவுன்ஸ் 2022இல் தலைகாட்டிவிட்டுப் போனார். வெர்டுகோவை 2023 டிசம்பரில் எங்கள் பரம எதிரி யாங்கீஸுக்கே, ஆமாம், யாங்கீஸுக்கே கொடுத்தார்கள்.

வோங்?

கேட்சர், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. 2024இல் நன்றாகவே அடித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.