பாலைவனக் காட்டுப்பூக்களின் ஹெர்பேரியம் பதிவுகள்: கேள்வி பதில்

ஹெர்பேரியம் என்பது செடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, லேபிளோடு பாதுகாக்கும் காப்பகம். வட அமெரிக்காவின் மொஹாவி, சொனோரா பாலைவனக் காட்டுப்பூக்களின் உலர் மாதிரிகளைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: பழைய லேபிளில் "நீடில்ஸ் அருகே" (நீடில்ஸ் ஒரு கலிபோர்னிய ஊர்) என்று மட்டும் இருக்கிறது. வரைபடத்தில் எங்கே குறிப்பது?

புள்ளி வைத்ததோடு நிறுத்தாதீர்கள். அது எத்தனை கிலோமீட்டர் வரை தவறலாம் என்பதையும் கூடவே பதியுங்கள். அந்தக் காலத்தில் ரயிலில் போய்ச் சேகரித்தவர்கள், பக்கத்து ஸ்டேஷன் பெயரையே இடப்பெயராக எழுதியதுண்டு. செடி நின்ற இடம் பல மைல் தள்ளி ஒரு மலைச்சரிவாகக்கூட இருக்கலாம்.

இடத்தைச் சுருக்க எனக்குப் பிடித்த வழி சேகரிப்பு எண், அதாவது சேகரித்தவர் தன் மாதிரிகளுக்கு வரிசையாகப் போடும் எண். உங்கள் தாள் 312 என்றால், அதே ஆளின் 300 முதல் 325 வரை தேடி எடுத்துத் தேதி வரிசையில் வையுங்கள். முந்தைய நாள் எங்கே இருந்தார், மறுநாள் எங்கே போனார் என்பது தெரியவரும். அதே நாளில் எடுத்தவற்றில் மணல்மேட்டில் மட்டுமே வளரும் செடி ஒன்று இருந்தால் தேடும் பரப்பு வெகுவாகக் குறையும். ஆனால் சிலர் ஊர் திரும்பிய பிறகு மொத்தமாக எண் போட்டிருப்பார்கள். தேதிகள் முன்னும் பின்னுமாக இருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரே தாளில் இரண்டு செடிப்பெயர்கள். எதை நம்புவது?

அடையாளம் கண்டவர் பெயரும் ஆண்டும் போட்டுச் சீட்டு ஒட்டியிருப்பார்கள், பழையதைக் கிழிப்பதில்லை. பொதுவாகப் புதிய சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தேடும்போது பழைய பெயர்களும் வேண்டும். உதாரணமாக, கமிசோனியா கிளாவிஃபார்மிஸ் என்ற காட்டுப்பூவின் பெயர் இப்போது கைலிஸ்மியா கிளாவிஃபார்மிஸ். அதற்கும் முன்பு ஈனோதீரா பேரினத்தில் இருந்தது.

கேள்வி: பதிவுத் தேதிகளை வைத்து, பூக்கள் இப்போது சீக்கிரம் பூக்கின்றன என்று சொல்லலாமா?

தேதியை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. பாலைவனத்தின் ஒருபருவச் செடிகள் மழையை நம்பியவை. விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். மொஹாவியின் டெத் வேலி பள்ளத்தாக்கில் 2005, 2016 போல அமோகமாகப் பூக்கும் ஆண்டில் சேகரிப்பவர்களும் திரண்டு போவார்கள். வறண்ட ஆண்டில் தாள்களே குறைவு. தாளின் படத்தைத் திறந்து மொட்டா, மலரா, காயா என்று பார்த்து, அந்தக் குளிர்கால மழையளவோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: ஒரு பகுதியில் பதிவே இல்லை என்றால் அந்தச் செடி அங்கே இல்லையா?

இல்லை என்று ஆகாது. யாரும் போகாமல் இருந்திருக்கலாம். பதிவுகள் பெரும்பாலும் சாலையோரங்களில்தான் குவிந்திருக்கும்.

மறுபக்கம், புதிதாக வந்த செடியின் வரலாற்றுக்கு இந்தத் தாள்களைவிட நல்ல சாட்சி கிடையாது. காட்டுப்பூக்களை நெருக்கித் தள்ளும் சஹாரா கடுகு கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் 1927-லேயே சேகரிக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: சில கள்ளிகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை காட்டவில்லையே?

கள்ளிகளைத் திருடுகிறார்கள் என்பதால் ஹெர்பேரியங்கள் இடத்தை வேண்டுமென்றே மறைக்கின்றன. ஆய்வுக்கு என்றால் காரணம் சொல்லி அந்த ஹெர்பேரியத்திடமே கேளுங்கள்.

கேள்வி: நானே மாதிரி எடுக்கலாமா?

முதலில் நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி வாங்குங்கள். தேசியப் பூங்காவில் எழுத்து அனுமதி கட்டாயம். அங்கே நாலைந்து செடிகள்தான் என்றால் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நிறைய இருந்தால் சின்னச் செடிகளை வேரோடு எடுக்கலாம். பூவின் நிறத்தை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு ஊதா வெளுத்துவிடும், அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.