தைப்பூசப் பால்குடம்: சிங்கப்பூர் வாசகர் கேள்விகள்

முதல்முறையாகப் பால்குடம் எடுக்கப்போகிறேன். எந்தக் குடம், எவ்வளவு பால், எப்படிக் கட்டுவது? போன ஆண்டு என் தோழியின் பால் கோயில் வாசலுக்குப் போவதற்குள் திரிந்துவிட்டது. அதனால் பயமாக இருக்கிறது.
*வாசகி, ஈசூன்*

பயம் வேண்டாம், திரிவதற்குக் காரணம் பெரும்பாலும் குடத்தில்தான் இருக்கும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்போம். வெளியே பளபளவென்று வந்துவிடும், ஆனால் கழுத்து வளைவின் உட்பக்கம் புளி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புளிப்பு போதும், பால் திரிய. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வழவழப்போ வாசனையோ இல்லாத வரை அலசி, துணியால் துடைத்து, கவிழ்த்துக் காயவிடுங்கள். உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் பாலை நெடுநேரம் வைக்கக் கூடாது. முதல்முறை எடுப்பவருக்கு எவர்சில்வர் குடமே நல்லது. பக்தியில் அது ஒன்றும் குறைவில்லை.

அடுத்த காரணம் சூடு. சிலர் பாலைக் காய்ச்சி, ஆறுவதற்குள் ஊற்றி மூடிவிடுகிறார்கள். அபிஷேகத்துக்குக் காய்ச்சாத பால்தான் வழக்கம். இங்கே கடையில் வாங்கும் பால் ஏற்கெனவே பதப்படுத்தியது, மறுபடி அடுப்பில் வைக்க வேண்டியதில்லை. கொழுப்பு நீக்காத, இனிப்பு சேர்க்காத பசும்பாலாக வாங்கிக் குளிராகவே வைத்திருந்து, புறப்படும் நேரத்தில் ஊற்றுங்கள். மாலையிலேயே நிரப்பி வைத்துவிட்டு நள்ளிரவுக்கு மேல் நடந்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் எந்தப் பாலும் தாங்காது.

3 லிட்டர் குடத்தில் 2 லிட்டர் போதும். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே பால் நிற்க வேண்டும். முட்ட ஊற்றினால் நடக்க நடக்கத் தளும்பி, துணி நனைந்து, முகத்தில் வழியும். குடத்தோடு சேர்த்துத் தலையில் ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். சும்மாட்டுத் துணியை இறுக்கமாகச் சுருட்டி வைத்து, வீட்டிலேயே தண்ணீர் ஊற்றிய குடத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

மூடுவதற்கு வாழையிலை. பச்சையாக மடித்தால் கிழியும். அடுப்புத் தணலில் லேசாகக் காட்டினால் துணி மாதிரி வளையும். இரண்டு இலையை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அதன்மேல் மஞ்சள் துணி போர்த்தி, பருத்தி நூலால் ஐந்தாறு சுற்று இறுக்கிக் கட்டுங்கள். முடிச்சு மட்டும் இழுத்தால் அவிழும்படி இருக்கட்டும். சன்னிதியில் அவிழாத முடிச்சோடு போராடினால் பின்னால் வருபவர்கள் அத்தனை பேரும் பாரத்தோடு நிற்க வேண்டும். குடத்தின் வாயில் எலுமிச்சம்பழம் வைப்பதானால் குத்தாத பழமாக, துணிக்கு மேலே வையுங்கள். சாறு உள்ளே இறங்கினால் இத்தனை கவனமும் வீண்.

மகன் தேசிய சேவையில் இருக்கிறான். 48 நாள் விரதம் இருக்க முடியாது. பால்குடம் எடுக்கலாமா?
*ஒரு தாய், உட்லண்ட்ஸ்*

எடுக்கலாம். 48 நாள் என்பது ஒரு மண்டலக் கணக்கு. 21 நாள் இருப்பவர்களும் உண்டு, ஒரு வாரம் இருப்பவர்களும் உண்டு. 48 நாள் என்று சொல்லிவிட்டு நடுவில் விடுவதைவிட, ஒரு வாரம் சுத்தமாக இருப்பது மேல். முகாமில் சைவ உணவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். வெளியில் சாப்பிடும்போதுதான் தவறு நடக்கிறது. காய்கறிதானே என்று வாங்கும் கங்கோங் கீரையில் பிளாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். கீரை வதக்கலில் சிப்பியில் செய்யும் ஓய்ஸ்டர் சாஸ் ஊற்றுவார்கள். கேக்கில் முட்டை இருக்கும். கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மருந்து சாப்பிடுகிறவர் விரதத்துக்காக அதை நிறுத்தவே கூடாது.

முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெருமாள் கோயிலில் புறப்படுவது ஏன்?
*வாசகர், தெம்பனிஸ்*

முருகன், திருமாலின் மருகன். அருணகிரிநாதர் திருப்புகழில் ‘மருகோனே’ என்று எத்தனையோ இடங்களில் அழைக்கிறார். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் குடத்தைத் தலையில் ஏற்றி, சுமார் 3 கிலோமீட்டர் நடந்து, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் இறக்குகிறோம். மாமன் வீட்டில் தொடங்கி மருமகன் வீட்டில் முடியும் நடை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள். டேங்க் ரோடு கோயில் 1859இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பியது. பூசத்துக்கு முந்திய நாளில் அங்கிருந்து வெள்ளி ரதம் கியோங் சைக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்புவதையும் முடிந்தால் பாருங்கள். தம்பி அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிற நாள் அது.

ஒரு வருடம் ஜனவரி, ஒரு வருடம் பிப்ரவரி என்று தேதி மாறுவது ஏன்?
*மாணவி, ஜூரோங்*

தை மாதத்தில் பூச நட்சத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும் நாள் தைப்பூசம். நிலாக் கணக்கு என்பதால் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11 என்று வந்தது. 1968ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்துக்குப் பிறகு இங்கே அது பொது விடுமுறை இல்லை. தேதி தெரிந்ததும் விடுப்புக்கு எழுதிவிடுங்கள், மறுநாளுக்கும் சேர்த்து.

குடத்தை இறக்கியதும் விரதம் முடிந்துவிட்டதா? வீட்டில் அன்றிரவே அசைவம் சமைக்கலாம் என்கிறார்கள்.
*வாசகி, பிடோக்*

அவசரப்படாதீர்கள். மூன்றாம் நாள் இடும்பன் பூசை செய்த பிறகே விரதம் முடிப்பது இங்குள்ள பல குடும்பங்களின் வழக்கம். கையில் கட்டிய காப்பையும் அன்றுதான் அவிழ்ப்பார்கள். அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். பழனியில் இறக்கி வைத்தவனால் மறுபடி தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவன் முருகன் என்று தெரியாமல் சண்டையிட்டு விழுந்தான். உயிர் பெற்று எழுந்ததும் அவன் கேட்ட வரம், தன்னைப் போலச் சுமந்து வருகிறவர்களுக்கு முருகன் அருள வேண்டும் என்பது. நீங்கள் சுமந்தது அந்த வரத்தை நம்பித்தான். அவனுக்கு ஒரு விளக்கேற்றி, தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள்.