பர்லியார் ஏற்றத்தில் டர்போ தட்டுகிறதா? இரண்டாவது மேப்புக்குப் பணம் கட்டாதீர்கள்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “என்னுது 1 லிட்டர் டர்போ பெட்ரோல் காருங்க. தை மாசம் ரீமேப் பண்ணுனேன். அவிநாசி ரோட்டுல பறக்குது. ஆனா கல்லாறு தாண்டி பர்லியார் ஏத்தத்துல அழுத்துனா, தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி சத்தம் வருதுங்க. மேப் போட்டவரு, ‘மலைக்குத் தனி மேப் இருக்கு, இன்னொரு 20,000 ஆகும்’கறாரு. போடலாமுங்களா?”

போடாதீங்க தம்பி. மேப் என்பது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரில், அதாவது ஈசியூவில், பெட்ரோல் எவ்வளவு, பொறி எப்போது, டர்போ அழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கும் கணக்கு. அதை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. சத்தம் ஊட்டியில் ஆரம்பிக்கவில்லை, குன்னூரில்கூட இல்லை, குன்னூர் மலைப்பாதையில் அதற்கும் கீழே இருக்கும் பர்லியாரிலேயே வந்துவிடுகிறது. அங்கே காற்று அவ்வளவாக மெலிந்திருக்காது. அப்படியென்றால் முதல் மேப்பிலேயே கையிருப்பு என்று ஒன்றும் விட்டுவைக்கவில்லை. சமவெளியில் ஒளிந்திருந்த குறையை ஏற்றம் காட்டிக்கொடுத்துவிட்டது.

உங்கள் காதில் விழும் சத்தம் நாக்கிங், தமிழில் தட்டல். ப்ளக் மூட்டிய தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிக்கிறது. பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம்.

உயரத்தின் பங்கு இவ்வளவுதான். கோவை 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். கோவையில் சுமார் 0.96 பார் (1 பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்) இருக்கும் காற்றழுத்தம் ஊட்டியில் 0.77 பார் ஆகிவிடும். உங்கள் மேப் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில், மொத்தம் 2 பார் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோவையில் டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே 2 பாருக்கு 2.6 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும். மலையின் குளிர் அதில் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது டர்போவின் சூடான காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர் மேல் காற்றே படாது. இப்போது மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் சோதனை வரிசை வேறு. விடுமுறை நாளில் வண்டிகள் வெயிலில் எஞ்சின் ஓட நிற்கின்றன, சூடு ஊறிப்போய் உடனே ஏற்றம். கூட்டத்தைக் குறைக்க வந்த ஏற்பாட்டில், வண்டியை நிழலில் அணைத்துவிட்டு நிற்க ஓர் இடம் ஒதுக்கக்கூடாதா?

இன்னொரு யோசனையும் உங்களுக்கு வந்து சேரும், “மலைக்கு டைமிங்கைக் கூட்டி வெச்சா சரியாப் போயிருமுங்க” என்று. டைமிங் என்றால் ப்ளக் பொறி விடும் நேரம், கூட்டுவது என்றால் அதை முன்னால் நகர்த்துவது. பழைய மெக்கானிக்குகள் சொன்னால் அவர்களைக் குறை சொல்லாதீர்கள். கார்புரேட்டர் வைத்த அம்பாசிடர், பத்மினி காலத்தில் அது சரியான வைத்தியம். டர்போ இல்லாத எஞ்சின் மலை ஏறினால் காற்று குறைந்து, கோவையில் இருந்த பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சிலிண்டர் அழுத்தமும் இறங்குவதால் தட்டலும் குறையும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, தீப்பொறியை முன்னால் வைத்தால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பும். இறங்கி மேட்டுப்பாளையம் வந்ததும் பழையபடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். டர்போ இல்லாத இன்றைய காருக்கும் இதே கணக்கு. அதை ஈசியூ தானே செய்துகொள்கிறது. உங்கள் டர்போ காரிலும் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, பூஸ்ட் (டர்போ ஏற்றும் அழுத்தம்) எழாமல் போகும்போது இதே கதைதான். ஆனால் முழுதாக அழுத்தும்போது டர்போ அழுத்தத்தைக் குறையவிடுவதில்லை. அங்கே டைமிங்கைக் கூட்டினால் நேராக பிஸ்டனுக்குத்தான் அடி.

இனி என் ஆதங்கம். ‘மேப்’ என்று விற்கப்படுவதில் பல, இணையத்தில் யாரோ எழுதி யாரோ வாங்கி யாரோ நகல் எடுத்த ஃபைல். ஆக்டேன் என்பது பெட்ரோல் தட்டலைத் தாங்கும் திறனைக் காட்டும் எண். 98 ஆக்டேன் சாதாரணமாகக் கிடைக்கும் ஐரோப்பாவுக்காக எழுதியதை, அதைவிடக் குறைந்த ஆக்டேன் ஊற்றி ஓடும் வண்டியில் ஏற்றுகிறார்கள். “செட்டிபாளையம் கரி ட்ராக்ல ஓடுன மேப்புங்க” என்று ஆசை காட்டுவார்கள். அந்த ரேஸ் ட்ராக் கோவைச் சமவெளியில் இருக்கிறது, அங்கே ஏது மலை? இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தட்டல் வந்தால் டைமிங்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளச் சொல்லும் நாக் சென்சாரையே மேப்பில் மந்தப்படுத்திவிடுவது. எச்சரிக்கை விளக்கு எரியாது, பலமும் குறையாது, சத்தம் மட்டும் நிற்காது. என் பட்டறைக்கு இப்படி வந்த ஒரு வண்டியில் பிஸ்டனில் வளையம் உட்காரும் கரை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. எழுதிக் கொடுத்தவர் அதற்குள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். வாரண்டியும் கைவிட்டது. லேப்டாப் ஒன்று இருந்தால் எவரும் ட்யூனர் என்று ஆகிவிட்டது.

உங்கள் ஆளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நாக் சென்சார் கம்பெனி வைத்தபடி வேலை செய்கிறதா? காற்றழுத்தம் இறங்க இறங்க பூஸ்ட் இலக்கும் இறங்குகிறதா? உதாரணமாகக் கோவையில் மொத்தம் 2 பார் என்றால் ஊட்டியில் 1.7 அளவுக்கு வந்தால் டர்போவுக்கு 2.2 மடங்கு வேலைதான். மூன்றாவது, இதே ஏற்றத்தில் எடுத்த லாக்கை, அதாவது ஓடும்போது ஈசியூவிலிருந்து பதிந்த எண்களை, காட்ட முடியுமா? அதில் நான்கு எண் போதும்: உள்ளே போகும் காற்றின் சூடு, பூஸ்ட், வெளிக்காற்றழுத்தம், தட்டலுக்காக ஈசியூ இழுத்த டைமிங். பூஸ்ட் உச்சத்தில் டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னால் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு 20,000 எதற்கு? முதலில் வாங்கிய பணத்துக்கே செய்து தர வேண்டிய வேலை அது. காட்ட மாட்டேன் என்றால் கம்பெனி ஃபைலைத் திரும்ப ஏற்றச் சொல்லிவிடுங்கள்.

பெட்ரோல் விஷயம். டேங்க் காலியாகும் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலேயே கூடுதல் ஆக்டேன் பெட்ரோல் நிரப்புங்கள். பாதி டேங்க் சாதாரண பெட்ரோல் இருக்க மேலே அதை ஊற்றினால் கிடைப்பது இரண்டுக்கும் நடுவிலான ஆக்டேன்தான். பம்பில் பேர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும், எண்ணைத் தேட வேண்டியிருக்கும். வாங்குகிறவனுக்கு வேண்டியதே அந்த எண்தான், அதைப் பெரிதாக எழுத என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலில் ‘30 பாயிண்ட்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 3 ஆக்டேன். சிலவற்றில் இருக்கும் மாங்கனீசு ப்ளக்கில் செம்மண் நிறத்தில் படியும்.

கடைசியாக உங்கள் கால். மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு முழுதாக மிதிக்காதீர்கள். சின்ன டர்போ எஞ்சினில் அந்த இடத்தில் ப்ளக் பொறி விடுவதற்கு முன்பே எண்ணெய்த் துளி தீப்பிடிக்கக்கூடும். அதை நாக் சென்சாராலும் தடுக்க முடியாது. இரண்டாம் கியருக்கு இறக்கி 2,500க்கு மேல் ஏறுங்கள். ஆயில் டப்பாவில் ‘ஏபிஐ எஸ்பி’ என்று இருக்கிறதா பாருங்கள். இந்தத் தீப்பிடிப்புக்கும் சேர்த்துச் சோதித்த தரம் அது.

மேப் திருத்தி முடியும் வரை ஏற்றத்தில் பாதிக்கு மேல் மிதிக்க வேண்டாம். அப்போதும் சத்தம் வந்தால் ஓரம்கட்டி அணைத்து ஆறவிடுங்கள், லாக்கை எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.