மூன்று நாள் விடுப்பும் பதினாறாம் நாளும்

கேள்வி: அப்பா காலமாகிப் பத்து நாளாகிறது. டர்பனில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு நாள்தான் விடுப்பு எடுத்தேன். எண்களை மாற்றிப் பதிகிறேன். யாராவது ஆறுதல் சொன்னால் அழுதுவிடுகிறேன். கருமாதிக்கு விடுப்பு கேட்கலாமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

கேளுங்கள் அம்மா. தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 27ஆம் பிரிவின்படி, நான்கு மாதத்துக்கு மேல் பணியில் இருந்து, வாரம் 4 நாளாவது வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 3 நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு, சம்பளத்துடன். அதை அரை நாளாகப் பிரித்தும் எடுக்கலாம். பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள். மிச்சமுள்ள ஒரு நாளை, அப்பாவின் மரணத்தை ஒட்டிய சடங்கு என்று குறிப்பிட்டு, இன்றே எழுதிக் கேளுங்கள். இறப்புச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்திருங்கள். மாமியாரோ சித்தப்பாவோ இறந்தால் இந்த விடுப்பு கிடையாது. நம் குடும்பங்களுக்கு இது பெரிய குறைதான். அப்போது வருடாந்திர விடுப்பைத்தான் எடுக்க வேண்டும்.

எண்கள் தவறுவது உங்கள் அலட்சியத்தால் அல்ல. தூக்கம் கெட்டு, மனம் அப்பாவையே சுற்றும்போது, ஓர் எண்ணைப் பார்த்துப் பதியும் அந்தச் சில நொடிகூட அது நினைவில் நிற்காது. இன்னும் கவனமாக இருப்பேன் என்று பல்லைக் கடிப்பதில் பயனில்லை. சரிபார்க்கும் முறையை மாற்றுங்கள். காலையில் பதிந்ததைச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி, ரசீதோடு ஒப்பிடுங்கள். பதிந்த கையோடு பார்த்தால் கண் அதே தவற்றைத் தாண்டிப் போகும். பணம் அனுப்பும் முன் வங்கிக் கணக்கு எண்ணையும் தொகையையும் இன்னொருவர் பார்க்கட்டும்.

மேலாளரிடம் "கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. "நான்கு வாரத்துக்கு மாதக் கணக்கு முடிக்கும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும், பிறகு பேசுவோம்" என்று கேளுங்கள். கெடு இருந்தால் சம்மதிப்பது அவருக்கும் எளிது.

அழுகையை அடக்க வேண்டாம். "நன்றி, இப்போது பேச முடியவில்லை" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். நெருங்கிய தோழி ஒருவர் மற்றவர்களிடம் முன்பே சொல்லி வைக்கட்டும்.

தூக்கமின்மை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். நோய் விடுப்பு தொடர்ந்து 2 நாளைத் தாண்டினால் முதலாளி சான்று கேட்கலாம். பதிவு பெற்ற உளவியலாளர் தரும் சான்றும் செல்லும். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 0800 567 567 என்ற, சாடாக் மனநல உதவி அமைப்பின் இலவச எண்ணை உடனே அழையுங்கள்.

அப்பாவின் பிறந்தநாள், முதல் தீபாவளி, ஆண்டுத் திதி ஆகிய நாள்களுக்கு இப்போதே வருடாந்திர விடுப்பில் ஒவ்வொரு நாளை ஒதுக்கி வையுங்கள்.