கன்ட்ரோலரை இரட்டையாக்கியும் ஆலை ஏன் நிற்கிறது?

பிஎல்சி (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி, அதாவது கன்ட்ரோலர்) இரண்டு போட்டும் ஆலை அடிக்கடி நிற்கிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பிஎல்சியைத் தாண்டிப் பாருங்கள். சென்சார், வால்வு, தளர்ந்த டெர்மினல் (வயர் இணைப்பு முனை) போன்ற களக் கருவிகளில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். இரண்டு கன்ட்ரோலருக்கும் ஒரே பவர் சப்ளை என்றால், அது போனதும் இரண்டும் சேர்ந்தே போகும்.

முக்கியமான அளவீட்டுக்கு மூன்று டிரான்ஸ்மிட்டர் (அளவை எடுத்து கன்ட்ரோலருக்கு அனுப்பும் கருவி) வைத்து, இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டும் டிரிப் ஆகும்படி, அதாவது ஆலை தானாக நிற்கும்படி அமையுங்கள். ஒன்று பழுதானாலும் ஆலை வீணாக நிற்காது, உண்மையான ஆபத்தும் கவனத்துக்கு வராமல் போகாது. ஆனால் மூன்றையும் ஒரே இம்பல்ஸ் குழாயில் (அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய்) இணைத்துவிடாதீர்கள். அது அடைத்துக்கொண்டால் மூன்றும் ஒன்றாகத் தவறு காட்டும். பலர் கோட்டை விடும் இடம் இதுதான்.

அப்புறம், பழுதுபார்க்கும் நேரம். சராசரியாக 10,000 மணி நேரம் ஓடிப் பழுதாகி, சரிசெய்ய 10 மணி நேரம் ஆனால், கிடைப்புத்திறன் (மொத்த நேரத்தில் ஓடும் நிலையில் இருக்கும் பங்கு) சுமார் 99.9 சதவீதம். உதிரிபாகத்தைக் கையிருப்பில் வைத்து, சரிசெய்யும் நேரத்தை 5 மணி நேரமாக்கினால் 99.95. கருவியை மாற்றாமலே நிறுத்த நேரம் பாதியாகிறது. முதல் கன்ட்ரோலர் பழுதானால் பொறுப்பேற்கும் காத்திருப்பு கன்ட்ரோலருக்கு மாறுவதையும் திட்டமிட்ட நிறுத்தத்தின்போது சோதியுங்கள். அதிலுள்ள பழுது, தேவைப்படும் நாள்வரை வெளியே தெரியாமலே கிடக்கலாம்.