ரத்தத்தில் எலும்பு செல் இருப்பது உண்மைதான், ஆனால் ஊசி?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ராடு வைத்து ஐந்து மாதம் ஆகியும் சேரவில்லை. அவர் ரத்தத்திலிருந்தே எலும்பு செல்களைப் பிரித்து ஊசியாகப் போடுகிறோம் என்கிறது ஒரு கிளினிக். போடலாமா?

பதில்: வேண்டாம். பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அப்படி ஒரு செல்லே இல்லை என்று நான் சொல்லவில்லை. எலும்பைக் கட்டும் செல்கள் எலும்பிலும் மஜ்ஜையிலும்தான் இருக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தோம், ஏனென்றால் ரத்தத்தில் தேடியவர்கள் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிக்கொள்ளும் செல்களை மட்டும் பார்த்தார்கள், ஒட்டாதவை கழுவும்போதே போய்விட்டன. 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியில் போனார்கள். எலும்பு செல்லுக்கே உரிய ஆஸ்டியோகால்சின் என்ற புரதத்தை அடையாளமாக வைத்துத் தேடியதும் ரத்தத்தில் அந்தச் செல்கள் அகப்பட்டன, அதுவும் மளமளவென்று உயரும் வயதுப் பையன்களிடம் பெரியவர்களைவிடப் பல மடங்கு, எலும்பு முறிந்தவர்களிடமும் கூடுதலாக. எலிக்குள் வைத்தபோது எலும்பாகவே வளர்ந்தன! படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அதிலிருந்து அங்கீகாரம் பெற்ற சிகிச்சை எதுவும் இன்னும் வரவில்லை. தசையே எலும்பாக மாறிவிடும் ஓர் அரிய பரம்பரை நோயில், நோய் தீவிரமாகும் சமயத்தில் இதைப் போன்ற, எலும்பாக வளரக்கூடிய செல்கள் ரத்தத்தில் அதிகம் காணப்படுகின்றன, அதனால் ஊசியில் போட்ட செல்கள் இடம் மாறினால் என்ன ஆகும் என்ற பயமும் எனக்கு உண்டு. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை (இந்த ஊசி மாதிரி, உடலில் புதுத் திசுவாக வளரக்கூடிய செல்களைப் போடுவதை) பதிவு செய்த ஆய்வாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கிளினிக்கில் சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேட்டுப் பாருங்கள்.

சரி, அப்பாவுக்கு என்ன செய்வது? ஐந்து மாதத்தில் கைவிட வேண்டியதில்லை, பொதுவாக ஒன்பது மாதமாகியும் சேராமல், கடைசி மூன்று மாத எக்ஸ்ரேயில் முன்னேற்றமே இல்லை என்றால்தான் சேராத எலும்பு என்போம். மூன்று மாதச் சர்க்கரை அளவு, வைட்டமின் டி, உள்ளே கிருமித்தொற்று இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை, இவற்றை இந்த வாரமே பாருங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு சேர்வதை அது நிஜமாகவே தாமதப்படுத்தும். அப்புறமும் சேராவிட்டால், அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து முறிவில் வைக்கலாம். அதிலும் உயிருள்ள எலும்பு செல்கள்தான் இருக்கின்றன, பல பத்தாண்டுகளாகப் பலன் தந்துவரும் முறை அது. முதல் நாளிலிருந்து எடுத்த எல்லா எக்ஸ்ரேயையும் வரிசையாக அடுக்கி, ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.