பொண்ணு இ.இ.இ. எடுக்கலாமா, கரண்ட் வேலை பெண்களுக்கு ஒத்து வருமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கறது இதுதான்: பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா, எலெக்ட்ரிகல் தான் எடுப்பேன்னு நிக்கறா, சொந்தக்காரங்க எல்லாம் "கரண்டு வேலை பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போடு, ஏசி ரூம்ல உக்காந்து சம்பாதிக்கட்டும்"னு சொல்றாங்க, இந்த ஃபீல்டுல பெண்கள் உண்மையிலேயே இருக்காங்களா, கஷ்டம் என்னன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

அனுபவம் இருக்கு. 1997-ல இருந்து இதே பொழப்புதான். பேனல் போர்டு டெஸ்டிங், அப்புறம் சப்ஸ்டேஷன் கமிஷனிங், அதாவது புதுசா கட்டினதை சோதிச்சு கரண்ட் குடுத்து ஓட வைக்கறது, ரிலே டெஸ்டிங், அதாவது ஃபால்ட் வந்தா லைனை கட் பண்ணச் சொல்ற கருவிய சோதிக்கறது. இப்ப சொந்தமா சின்னதா ஒரு டெஸ்டிங் ஏஜென்சி வச்சிருக்கேன், ஆறு பேர் வேலை பாக்கறாங்க, அதுல மூணு பேர் பொண்ணுங்க. அதனால இருக்காங்களான்ற கேள்விக்கு பதில் ஆமா. கொஞ்சம் பேர்தான், ஆனா இருக்கோம்.

உங்க சொந்தக்காரங்களுக்கு முதல்ல ஒரு ஆளைப் பத்தி சொல்லுங்க. நம்ம ஊர்ல பெண் இன்ஜினியர்னு பேச்செடுத்தா எல்லாரும் சுதா மூர்த்தி ஜேஆர்டி டாடாவுக்கு போஸ்ட்கார்டு போட்ட கதைக்கு போயிடுவாங்க, அது 1974, அது எல்லாருக்கும் தெரியும், விட்டுடறேன். அதுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே, அதுவும் நம்ம கிண்டி காலேஜ்ல, எலெக்ட்ரிகல் படிச்சு முடிச்சவங்க லலிதா. அய்யலசோமயாஜுல லலிதா. 1919-ல மெட்ராஸ்ல பொறந்தவங்க, தெலுங்கு குடும்பம். பதினஞ்சு வயசுல கல்யாணம். பதினெட்டு வயசுல புருஷன் போயிட்டார், கையில நாலு மாசப் பொண் குழந்தை. 1937-ல ஒரு பதினெட்டு வயசு விதவைக்கு வீட்டுல என்ன இடம்னு நான் சொல்லத் தேவையில்ல, நம்ம பாட்டிங்களைப் பாத்தவங்களுக்கு தெரியும்.

அவங்க படிக்கணும்னு முடிவு பண்றாங்க. க்வீன் மேரீஸ்ல இன்டர்மீடியட். அதுக்கப்புறம் டாக்டர் ஆகலாம், அந்தக் காலத்துலயே பொண்ணுங்க மெடிசின் படிச்சிட்டுதான் இருந்தாங்க. ஆனா டாக்டருன்னா ராத்திரி நேரம் கேஸ் வரும், குழந்தைய விட்டுட்டு ஓடணும், நமக்கு காலைல போயி சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வேலைதான் சரின்னு நெனச்சுதான் இன்ஜினியரிங் பக்கம் வந்தாங்களாம். இதைப் படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா இன்னைக்கு சொந்தக்காரங்க இன்ஜினியரிங் வேணாம்னு சொல்றதுக்கு காரணமே "ராத்திரி பகல்னு பாக்காம சைட்டுக்கு போகணும்"ன்றதுதான்.

அவங்க அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி காலேஜ்லயே எலெக்ட்ரிகல் ப்ரொஃபசர். அவர் பிரின்சிபால் சாக்கோவைப் பாத்து பேசி, மேல கல்வித்துறை வரைக்கும் பர்மிஷன் வாங்கி 1940-ல சீட் வாங்கினார். இதை நான் மறைக்க விரும்பல. உள்ள ஆள் இருந்ததாலதான் கதவு தொறந்துச்சு. சும்மா "விடாமுயற்சி"ன்னு சொல்லிட்டுப் போறவங்க இந்த அப்பாவை கதையிலிருந்து தூக்கிடறாங்க, அது அந்த மனுஷனுக்கு பண்ற அநியாயம். கேள்வி கேட்ட நீங்களும் ஒரு அப்பாவோ அம்மாவோதானே, அதனால சொல்றேன்.

ஆனா எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் அது இல்ல. நூத்துக்கணக்கான பசங்க நடுவுல ஒரே ஒரு பொண்ணு, க்ளாஸ்ல பேச ஒருத்தி இல்ல, லேப்ல பக்கத்துல நிக்க ஒருத்தி இல்ல. அப்ப காலேஜ்ல என்ன பண்ணாங்கன்னா, இன்ஜினியரிங்ல பொண்ணுங்களையும் சேத்துக்கறோம் வாங்கன்னு பேப்பர்ல விளம்பரம் போட்டாங்க. அடுத்த வருஷமே ரெண்டு பேர் வந்தாங்க, லீலம்மா ஜார்ஜ், தெரேசியா, ரெண்டு பேரும் சிவில். யுத்த காலம், கோர்ஸை சுருக்கிட்டாங்க, அதனால மூணு பேரும் ஒண்ணாவே முடிச்சாங்க. லலிதாவோட சர்ட்டிஃபிகேட்ல "ஹீ"ன்னு அச்சடிச்சிருந்ததை பேனாவால அடிச்சு "ஷீ"ன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்த ஃபாரம் அச்சடிக்கும்போது ஒரு பொண்ணு வருவான்னு ஒருத்தருக்கும் தோணியிருக்காது பாருங்க.

அந்த தெரேசியா பின்னாடி கேரளா பொதுப்பணித்துறையில சீஃப் இன்ஜினியர் ஆனாங்க, 1971-ல. லலிதா ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஒரு வருஷம் ட்ரெய்னிங், சிம்லால கொஞ்ச நாள் வேலை, அப்புறம் 1948-ல கல்கத்தா. அங்க ஏ.இ.ஐ. கம்பெனியில டிரான்ஸ்மிஷன் லைன் டிசைன், சப்ஸ்டேஷன் லேஅவுட். பக்ரா நங்கல் அணை ஜெனரேட்டர் வேலையிலயும் பங்கு உண்டு. கல்கத்தாவுல அண்ணன் தம்பி குடும்பம் இருந்துச்சு, அங்க குழந்தைய பாத்துக்க ஆள் இருந்துச்சு, அதனாலதான் அந்த ஊர். 1964-ல நியூயார்க்ல நடந்த பெண் இன்ஜினியர் விஞ்ஞானிகளோட முதல் உலக மாநாட்டுக்கு போனாங்க, அதுவும் சொந்த ஹோதாவுல, ஏன்னா இங்க அனுப்பி வைக்க அப்படி ஒரு சங்கமே கிடையாது.

சரி இப்ப என் கதை. லலிதாவுக்கு விளம்பரம் போட்டு துணைக்கு ஆள் சேத்தாங்கல்ல, எனக்கு அது கிடைக்கல, அதான் வித்தியாசம்.

அம்பத்தூர்ல ஒரு பேனல் கம்பெனி, பேர் வேணாம். பேனலை டெஸ்ட் பண்ற இடத்துல நான் ஒருத்திதான் பொண்ணு. வேலை சொல்லிக் குடுத்ததுல எந்தக் குறையும் இல்ல, ஃபோர்மேன் அண்ணன் ஒருத்தர் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கற மீட்டர்) பிடிக்கறதுல இருந்து ஒயரிங் டிராயிங் படிக்கறது வரைக்கும் கையப் பிடிச்சு சொல்லிக் குடுத்தார். ஆனா கஸ்டமர் இன்ஸ்பெக்‌ஷன் எப்பவும் லேட்டா ஆரம்பிச்சு ராத்திரிதான் முடியும். ஏழு மணியானா "நீ கிளம்பும்மா, சட்டப்படி பொம்பளைங்க இருக்கக் கூடாது"ன்னு அனுப்பிடுவாங்க. சட்டம் இருந்தது உண்மைதான், ஃபேக்டரீஸ் ஆக்ட் 66-வது பிரிவு, ராத்திரி ஏழுல இருந்து காலைல ஆறு வரைக்கும் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. நான் ரெண்டு வாரம் உக்காந்து டெஸ்ட் பண்ண பேனலுக்கு கடைசில கையெழுத்து போடறது, கஸ்டமர் கிட்ட பேசறது, ரிப்போர்ட்ல பேர் வர்றது எல்லாம் ராத்திரி இருந்த பையனுக்கு. அப்ரைசல்ல "இன்ஸ்பெக்‌ஷன் அனுபவம் இல்லை"ன்னு எழுதினாங்க. 2000-ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை செல்லாதுன்னு சொல்லி, போக வர வண்டி, ரெஸ்ட் ரூம், பாதுகாப்பு எல்லாம் குடுத்து வேலைக்கு வைக்கலாம்னு தீர்ப்பு சொன்னதும், பேப்பர் கட்டிங்கை எடுத்துட்டு மேனேஜர் ரூமுக்கு போனேன். "ஒரு ஆளுக்காக வண்டி போட முடியுமாம்மா"ன்னார். வருஷக் கணக்கா சட்டம்னாங்க, ஒரே நாள்ல வண்டிச் செலவு ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் கமிஷனிங் பக்கம் வேற கம்பெனிக்கு மாறினேன். 2003-னு நினைக்கிறேன், ஒரு சர்க்கரை ஆலை, 33/11 கேவி சப்ஸ்டேஷன், புது டிரான்ஸ்ஃபார்மர். சும்மா சார்ஜ் பண்ணா நிக்குது, லோடு ஏத்த ஆரம்பிச்சா டிஃபரென்ஷியல் ரிலே அடிச்சு பிரேக்கர் ட்ரிப். மூணு தடவை ஆச்சு. அரவை சீசன் ஆரம்பிக்கப் போகுது, எல்லாருக்கும் டென்ஷன், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வைண்டிங் போயிடுச்சுன்னு ஒரு கோஷ்டி கிளம்பிடுச்சு. நான் ஜீப்ல போயி இறங்கினதும் அங்க இருந்த ஆபரேட்டர், ஒரு அம்பது வயசு மனுஷர், எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்து "சார் வரலியாம்மா"ன்னார். நான்தான் சார்னு சொன்னேன். சிரிக்கல அவர்.

அந்த ரிலே என்ன பண்ணும்னா, டிரான்ஸ்ஃபார்மருக்கு உள்ள போற கரண்டையும் வெளிய வர்ற கரண்டையும் சிடி, அதாவது பெரிய கரண்டை அளக்கற அளவுக்கு சின்னதாக்கிக் குடுக்கற கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியா ஒப்பிட்டுப் பாக்கும், கணக்கு ஒத்துப்போகலைன்னா உள்ள ஏதோ ஃபால்ட்டுன்னு நெனச்சு ட்ரிப் குடுத்துடும். லோடு கம்மியா இருக்கறப்ப சும்மா இருந்துட்டு லோடு ஏற ஏற அடிக்குதுன்னா எனக்கு முதல்ல சந்தேகம் வர்றது சிடி மேலதான். ஷட்டவுன் வாங்கி, ரெண்டு பக்கமும் எர்த் போட்டு, ஒயரை கழட்டிட்டு ஏணில ஏறினேன். புடவையா சுடிதாரான்னு கேக்காதீங்க, பையனுங்க சைஸ் பாய்லர் சூட், கை நாலு மடிப்பு, ஷூவுக்குள்ள ரெண்டு ஜோடி சாக்ஸ். மேல இருந்து நான் 9 வோல்ட் பேட்டரிய சிடி பிரைமரில லேசா தொட்டு எடுப்பேன், கீழ ஹெல்பர் தம்பி பழைய முள்ளு மீட்டரை வச்சிக்கிட்டு முள்ளு எந்தப் பக்கம் துள்ளுதுன்னு சொல்லணும். மூணு ஃபேஸுக்கும் ஆளுக்கொரு சிடி. ஆர் ஃபேஸ், "வலது மேடம்". ஒய் ஃபேஸ், "இடது மேடம்". மறுபடி தொட்டேன். "இடதுதான் மேடம்." பி ஃபேஸ் வலது. நடு சிடிய தலைகீழா மாட்டியிருந்தாங்க, அவ்வளவுதான் விஷயம். டெர்மினல் பாக்ஸ்ல ரெண்டு ஒயரை மாத்திப் போட்டு, சாயங்காலம் லோடு ஏத்தினோம், நின்னுச்சு.

இதுல கஷ்டம் வேலை இல்லங்க. காலைல ஆறு மணிக்கு கிளம்பினதுல இருந்து நான் தண்ணி குடிக்கல. ஏன்னா அந்த யார்டுல லேடீஸ் டாய்லெட் கிடையாது. ஏணி மேல நிக்கறப்ப வெயில்ல கண்ணு இருட்டிட்டு வந்துச்சு, 33 கேவி யார்டுல தல சுத்தி விழுந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. மத்தியானம் அந்த ஆபரேட்டர்தான் என்ன நெனச்சாரோ, பேசாம வந்து சாவிய நீட்டினார், "பின்னாடி குவார்ட்டர்ஸ்ல மூணாவது வீடு, எங்க வீட்டம்மா ஊருக்கு போயிருக்கு, போயிட்டு வாம்மா"ன்னார். இத்தனை வருஷத்துல எனக்கு கிடைச்ச பெரிய மரியாதை அதுதான், எந்த அவார்டும் அதுக்கு ஈடு இல்ல. ஆனா அவர் நல்லவரா இருந்ததால நடந்துச்சு. அவர் லீவுல இருந்திருந்தா?

டாய்லெட் விஷயத்தை ஆபீஸ்ல நாலு வருஷம் கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்." 2007-ல ரெண்டாவதா ஒரு பொண்ணு சேந்தா, திருநெல்வேலிக்காரி, வாய் ஜாஸ்தி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே மாதிரி மெயில் போட்டோம், லேடீஸ் டாய்லெட் இல்லாத சைட்டுக்கு போக மாட்டோம்னு. அடுத்த டெண்டர்லயே சைட் கேபின் லிஸ்டுல அது ஒரு ஐட்டமா ஏறிடுச்சு. ஒருத்தியா இருந்த வரைக்கும் அது என் பர்சனல் பிரச்சனை, ரெண்டு பேர் ஆனதும் கம்பெனி பிரச்சனை. கிண்டியில அன்னைக்கு விளம்பரம் போட்டவங்களுக்கு இது புரிஞ்சிருக்கு.

மத்தபடி சட்டம் எல்லாம் ஒண்ணு ஒண்ணா நகருது. சுரங்கத்துக்குள்ள பெண்கள் இறங்கி வேலை பாக்கக் கூடாதுன்னு 1952 சட்டத்துல இருந்ததை 2019-லதான் தளர்த்தினாங்க, மைனிங் படிச்ச என் தோழி பொண்ணு இப்ப தைரியமா அப்ளை பண்றா. பொண்ணுங்களுக்கு பலம் பத்தாதுன்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, டிரான்ஸ்ஃபார்மரை யாரும் தோள்ல தூக்கறதில்ல, அதுக்கு கிரேன் இருக்கு. ஆரம்பத்துல ஐ.டி. அளவுக்கு சம்பளம் வராது, அதை நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதல் அஞ்சு வருஷம் சம்பளம்னு சொல்லிக்கற மாதிரி எதுவும் இல்ல.

உங்க பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். எடுக்கட்டும். காலேஜ் பாக்கும்போது ப்ளேஸ்மென்ட் போர்டை மட்டும் பாக்காதீங்க, மெஷின்ஸ் லேபுக்குள்ள போயி பாருங்க, மோட்டார் மேல தூசி படிஞ்சிருந்தா வெளிய வந்துடுங்க. அந்த டிபார்ட்மென்ட்ல இப்ப படிக்கற பொண்ணுங்க எத்தனை பேர், லேடி ஸ்டாஃப் எத்தனை பேர்னு கேளுங்க. வேலைக்கு சேரும்போது இன்டர்வியூல கடைசில "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்கல்ல, அங்க சைட்ல எத்தனை லேடி இன்ஜினியர் இருக்காங்கன்னு கேக்கச் சொல்லுங்க, நீதான் முதல் ஆள்னு பெருமையா சொன்னாங்கன்னா, ரெண்டாவது ஆளை எப்ப எடுப்பீங்கன்னு கேக்கச் சொல்லுங்க. சேஃப்டி ஷூ அஞ்சாம் நம்பர் ஸ்டோர்ல இல்லம்மான்னு சொல்லுவாங்க. கடையில இருக்கு, வாங்கித் தரச் சொல்லி எழுதிக் குடுத்தா ஒரு வாரத்துல வந்துடும், ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிட்டு ஏணில ஏற வேணாம்.